புளியரை வீட்டு டிஷ்: கம்ப்யூட்டர்ல படம் உடைஞ்ச கேஸ், ஆனியில இருந்து புரட்டாசி வரை

எங்க பெரியப்பா வீடு புளியரைல, செங்கோட்டையில இருந்து ஆரியங்காவுக்கு ஏறுற ரோட்டுல செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முந்தி. ரெண்டு வருஷம் முன்னாடி இடி விழுந்து பழைய டிவி போனதுக்கு அப்புறம் புது டிவி வாங்கல, மாடி ரூம்ல ஒரு பழைய டெஸ்க்டாப் சும்மா கெடக்கு, பெரிய மானிட்டரும் இருக்கு, அதுலயே டிவி பாத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டாரு. ரிட்டயர்டு வாத்தியார், சொன்னா கேக்க மாட்டாரு. பெரியம்மா புனலூர்க்காரங்க, அவங்களுக்கு டிடி மலையாளம் வேணும், இவருக்கு டிடி தமிழ் வேணும். 2024 ஜனவரி வரைக்கும் அதுக்குப் பேரு டிடி பொதிகை, பொதிகை மலை நம்ம ஊருப் பக்கம்தான் இருக்கு, அந்த மலைக்கடியில உக்காந்துட்டு பொதிகை சேனல் எடுக்க முடியலன்னா கேவலம்லன்னு என்கிட்ட சொன்னது இன்னும் காதுல இருக்கு.

நான் செங்கோட்டையில கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன், டிஷ் மாட்டுற ஆள் இல்ல. இந்த கேஸை முழுசா எழுதி வைக்கிறதுக்குக் காரணம், மூணு மாசத்துல இதுல நாலு பேரு கை வச்சாங்க, நாலு பேரும் (என்னையும் சேத்துத்தான்) ஆளுக்கொரு தப்பான இடத்துல தோண்டினோம். தப்பு டிஷ் பக்கமா கம்ப்யூட்டர் பக்கமான்னு பிரிச்சுப் பாக்காம எல்லாரும் கைக்குத் தெரிஞ்சதை மாத்திக்கிட்டே இருந்தோம், அவ்வளவுதான் விஷயம்.

முதல்ல காசு வீணான கதை. பெரியப்பா ஆன்லைன்ல ஒரு சின்ன யூஎஸ்பி குச்சி வாங்கிட்டாரு, பென்டிரைவ் சைஸ், கூட ஒரு குட்டி அன்டெனா, டிஜிட்டல் டிவி ஃப்ரீன்னு போட்டிருந்துச்சாம். ஒரு நாள் பூரா ஸ்கேன் போட்டும் ஒரு சேனலும் வரல. வராது. அந்தக் குச்சி தரைவழி டிஜிட்டல் சிக்னலுக்கானது, தூர்தர்ஷன் அந்த மாதிரி சர்வீஸை 2016 பிப்ரவரியில 16 நகரத்துல ஆரம்பிச்சாங்க, தமிழ்நாட்டுல அதுல சென்னை மட்டும்தான், கேரளால ஒரு ஊரும் இல்ல. பழைய காலத்துல கொடைக்கானல் டவரைப் பாத்து மூங்கில் கம்புல மீன்முள்ளு அன்டெனா கட்டினோமே, அந்த மாதிரி இனிமே இங்க நடக்காது. நமக்கு வழி ஆகாசத்துல இருந்துதான், அதாவது டிடி ஃப்ரீ டிஷ், மாசக்காசு கிடையாது. தனியார் டிடிஎச் சிக்னல் கம்ப்யூட்டருக்கு வந்தாலும் பூட்டுப் போட்டிருக்கும், கார்டும் அவங்க பாக்ஸும் இல்லாம திறக்காது. ஃப்ரீ டிஷ்ல எம்பெக் 2ங்கிற பழைய வீடியோ முறைல போற சேனலுக்குப் பூட்டு இல்ல, யூஎஸ்பி சாட்டிலைட் டியூனர் ஒண்ணு இருந்தா போதும்.

அதையும் வாங்கியாச்சு. 12 வோல்ட் அடாப்டரோட ஒரு டப்பா, பின்னாடி கேபிள் மாட்டுற இடம், முன்னாடி யூஎஸ்பி. கம்ப்யூட்டர்ல லினக்ஸ், டிவிஹெட்எண்ட்ங்கிற டிவி சாஃப்ட்வேர் போட்டு அதுல சேனலை எடுத்து விஎல்சில பாக்குற மாதிரி நான்தான் செட் பண்ணேன். டிஷ் 65 சென்டிமீட்டர், ஒரு ஃபிட்டர் வந்து தட்டோடி (மொட்டைமாடி) கைப்பிடிச்சுவர்ல மாட்டிட்டுப் போனாரு. முத நாள் அருமையா வந்துச்சு, எல்லாரும் சாயா குடிச்சோம்.

ஆனி பிறந்து காத்து கிளம்புனதும் ஆரம்பிச்சுச்சு. படம் கட்டம் கட்டமா உடையும், சத்தம் கிர்ருன்னு ஒரு தடவை கேட்டுட்டு நிக்கும், அப்புறம் தானே வரும். நாலு நாளைக்கு ஒரு தடவைன்னு இருந்தது, ராத்திரி நியூஸ் நேரத்துல பத்து தடவைன்னு ஆச்சு. ஃபிட்டர் வந்தாரு, சிக்னல் கம்மியா இருக்குன்னு ஒரு லைன் ஆம்ப்ளிஃபையர் மாட்டினாரு. ஸ்ட்ரெங்த்து 98ன்னு காட்டுச்சு, பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம், ஆனா படம் முன்னைவிட மோசமா உடைஞ்சுது. அடுத்து பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்து பெரிய டிஷ் போடணும்னாரு. மூணாவதா நான். நான் என்ன பண்ணேன்னா ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க டிரைவரை மாத்தி மாத்திப் போட்டேன், கெர்னல் வெர்ஷனை மாத்தினேன், சாயங்காலம் பாத்தா காலைல இருந்த மாதிரியே இருந்துச்சு. வெக்கமா இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரிதான் உக்காந்து யோசிச்சேன். இந்தச் சிக்னல்ல ரெண்டு இடத்துல எண்ணிக்கை நமக்குக் கிடைக்குது, ரெண்டும் வேற வேற விஷயத்தைச் சொல்லுது, நாம ரெண்டையும் பாக்காம அந்த ஸ்ட்ரெங்த்துப் பட்டையை மட்டும் பாத்துக்கிட்டு இருக்கோம்.

சாட்டிலைட்ல இருந்து வர்ற டேட்டா 188 பைட் பொட்டலம் பொட்டலமா வரும், ஒவ்வொண்ணுக்கும் திருத்தம் பண்றதுக்குன்னு 16 பைட் கூடச் சேத்து 204ஆ அனுப்புவாங்க. வழியில 8 பைட் வரைக்கும் கெட்டுப் போனாலும் டியூனரே கணக்குப் போட்டுச் சரி பண்ணிரும், நமக்குத் தெரியவே தெரியாது. அதுக்கு மேல கெட்டா கையை விரிச்சுரும், அப்படி விரிச்ச பொட்டலத்தை எண்ணி வைக்கும், அதுதான் யூஎன்சி. இது டியூனருக்குள்ளயே நடக்கிறது, கம்ப்யூட்டர் இதுல சம்பந்தப்படவே இல்ல. இன்னொண்ணு, ஒவ்வொரு சேனலோட பொட்டலத்துலயும் 0ல இருந்து 15 வரைக்கும் சுத்திச் சுத்தி வர்ற ஒரு வரிசை நம்பர் உண்டு. 6க்கு அப்புறம் 7 வராம 9 வந்தா நடுவுல ரெண்டு காணாமப் போச்சுன்னு அர்த்தம், டிவிஹெட்எண்ட் அதை கன்டினியூட்டி எரர்னு தனியா எண்ணும். இது கம்ப்யூட்டருக்குள்ள வந்ததுக்கு அப்புறம் எண்ணுறது.

அப்போ யூஎன்சியும் ஏறி கன்டினியூட்டியும் ஏறுனா கோளாறு வெளியில, டிஷ், எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு நின்னு சிக்னலைப் பிடிக்கிற மூக்கு), கேபிள், மரம், மழை இதுல ஏதோ ஒண்ணு. யூஎன்சி அசையாம கன்டினியூட்டி மட்டும் ஏறுனா டியூனர் வரைக்கும் எல்லாம் சுத்தமா வந்துருச்சு, அதுக்கு அப்புறம் கம்ப்யூட்டர்தான் பொட்டலத்தைக் கீழ போட்டுருக்கு.

பெரியப்பாட்ட ஒரு நோட்டு கொடுத்தேன். படம் உடையுற ஒவ்வொரு தடவையும் நேரம், யூஎன்சி, கன்டினியூட்டி, காத்தா மழையா, கம்ப்யூட்டர்ல வேற என்ன ஓடுதுன்னு எழுதச் சொன்னேன். வாத்தியார்ல, கோடு போட்டு அழகா எழுதிட்டாரு. மூணு சாயங்காலத்துல 41 தடவை. அதுல 26 தடவை ரெண்டு நம்பரும் ஏறியிருக்கு, 13 தடவை கன்டினியூட்டி மட்டும், மிச்சம் 2 அவரு பாக்குறதுக்குள்ள போயிருச்சு. அதாவது ரெண்டு நோயி ஒரே நேரத்துல இருந்துருக்கு! ஒருத்தரு டிஷ்ஷைத் திருகி சரி பண்ணா மத்தது மிச்சம் இருக்கும், சரியாகலன்னு திருப்பியும் திருகுவாரு, இன்னொருத்தரு கம்ப்யூட்டரை நோண்டி அதே மாதிரி ஏமாறுவாரு. நாங்க ஒரு மாசம் சுத்துனது இந்தச் சுத்துதான்.

வெளிப்பக்கத்தை முதல்ல எடுத்தேன். ஆம்ப்ளிஃபையரைக் கழட்டினேன். எல்என்பிக்குள்ளயே 55, 60 டெசிபல் கணக்குல பெருக்கித்தான் கீழ அனுப்புது, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், அதாவது எஸ்என்ஆர், அங்கயே முடிவாயிருது, கேபிளோட கடைசில ஒண்ணை மாட்டி இன்னும் பெருக்குனா இரைச்சலும் சேந்து பெருசாகும். வயல்ல தூரத்துல பேசுறவன் குரல் காத்துல கேக்கலன்னா, ரெக்கார்டு பண்ணி சவுண்டைக் கூட்டுனா என்ன ஆகும், காத்து இரைச்சல்தான் கூடக் கேக்கும். போதாக்குறைக்கு டியூனருக்குள்ள அளவுக்கு மேல போயி திக்குமுக்காடும். கழட்டின உடனே ஸ்ட்ரெங்த்து 98ல இருந்து 71க்கு இறங்குச்சு, பெரியப்பா மூஞ்சி வாடிருச்சு, ஆனா எஸ்என்ஆர் 7.4ல இருந்து 8.2 டெசிபலுக்கு ஏறுச்சு. ஃப்ரீ டிஷ்ஷோட அந்த டிரான்ஸ்பாண்டருக்கு (ஒரு கொத்து சேனலைச் சேத்து அனுப்புற சாட்டிலைட் கருவி) சுமார் 7க்குக் கீழ போனா படம் உடையும், ஆக 8.2ன்னா தலைக்கு மேல ஒரு சாண்தான் இடம் இருக்கு. ஒரு ஓலை ஆடினா போச்சு.

அடுத்ததுதான் இந்த கேஸ்லயே எனக்குப் பிடிச்ச இடம். எல்என்பியோட சாய்வு. நம்ம ஊர்ல டிஷ் மாட்டுறவங்க திசையும் உயரமும் நல்லா பிடிப்பாங்க, சாய்வைக் கண்டுக்க மாட்டாங்க. ஃப்ரீ டிஷ் வர்ற ஜிசாட் 15 சாட்டிலைட் 93.5 டிகிரி கிழக்குல நிக்குது, நம்ம புளியரை கிட்டத்தட்ட 77.2 டிகிரி. டெல்லியும் அதே 77.2தான், நெடுவாக்குல ஒரே கோடு. அதனால வீடியோ பாத்து மாட்டுறவங்க டெல்லிக்காரன் சொன்ன நம்பரையே வச்சிருவாங்க, இங்கயும் அதுதான் நடந்துருக்கு, எல்என்பி சுமார் 27 டிகிரில இருந்துச்சு. ஆனா டெல்லி பூமத்திய ரேகைல இருந்து 28 டிகிரிக்கு மேல வடக்க, நாம வெறும் 9 டிகிரி. கணக்குப் போட்டுப் பாத்தா டெல்லிக்கு 27 வர்ற சாய்வு சென்னைக்கு 45, நமக்கு 60 வருது. அறுபது! ஃபிட்டர்கிட்ட சொன்னேன், தம்பி நான் இருபது வருஷமா மாட்டுறேன், எல்லா ஊர்லயும் இப்படித்தான்னாரு. அவரைக் குத்தம் சொல்லல, செட்டாப் பாக்ஸ்ல யாரும் எஸ்என்ஆர் பாக்குறது இல்ல, படம் வந்தா சரின்னு போயிருவாங்க, நல்ல வெயில்ல வரும்தான்.

33 டிகிரி தப்பா இருந்தா என்ன நட்டம்? சிக்னல்ல ஒண்ணரை டெசிபல் போகும். அதுகூடப் பரவால்ல, நமக்கு வேண்டியது செங்குத்து போலரைசேஷன் (அலை ஆடுற திசை), சாய்வு தப்பா இருந்தா எதிர்ப்பக்கத்து படுக்கை போலரைசேஷன்ல அதே அலைவரிசைப் பக்கம் ஏதாவது போனா அதுவும் உள்ள கசிஞ்சு இரைச்சலாச் சேரும். டிஷ்ஷுக்குப் பின்னாடி நின்னு ஆகாசத்தைப் பாத்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா எல்என்பியைப் பையப் பையத் திருப்பினேன், கீழ பெரியப்பா மாடி ஜன்னல்ல இருந்து நம்பரைக் கத்துனாரு. எட்டு புள்ளி ஆறு! ஒம்பது புள்ளி ஒண்ணு! ஒம்பது புள்ளி எட்டு! பெரியம்மா அடுப்படியில இருந்து எந்தா ஏலம் போடுறீங்களான்னு கேட்டாங்க. 60ஐத் தாண்டி இன்னும் திருப்பினதும் இறங்க ஆரம்பிச்சுச்சு, திரும்ப வந்து 10.1ல நிறுத்தி திருகைப் பூட்டினேன். காசு செலவு பைசா இல்ல.

திசையையும் ஒரு தடவை சரிபாத்தேன், காம்பஸ்ல 118 டிகிரி, அதாவது கிழக்குல இருந்து கொஞ்சம் தெக்க, உயரம் 68 டிகிரி. இந்த 68 எல்லாருக்கும் ஒரு மயக்கத்தைக் குடுக்கும். டிஷ் கிட்டத்தட்ட நட்டமா மேல பாக்குது, மலை மேக்க இருக்கு, அதுனால மறைப்பே கிடையாதுன்னு தோணும். மலையைப் பொறுத்தவரை சரிதான், ஆரியங்காவு தென்மலைல மலை கிழக்க இருக்கிறவங்களுக்குக்கூட 68 டிகிரிக்கு எந்த மலையும் மறைக்காது. ஆனா வீட்டை ஒட்டி ஒரு தென்னை நிக்குதுல்ல? டிஷ்ஷுக்கும் அதுக்கும் தரைல 3 மீட்டர்தான் தூரம், டிஷ் மட்டத்துக்கு மேல ஏழரை மீட்டர் ஏறி நிக்கு. கணக்கு போட்டா கொண்டை சரியா 68 டிகிரில. காத்து இல்லாத நேரம் ஓலை தொங்கிக் கெடக்கும், இடுக்கு வழியா சிக்னல் வந்துரும். ஆனி ஆடில கணவாய் வழியா மேல்காத்து பிடுங்கிட்டு வரும்போது மேக்குப் பக்கத்து ஓலை எல்லாம் தூக்கிக்கிட்டு நட்டமா நிக்கும், நேரா சிக்னல் வர்ற வழிக்குள்ள. அதுலயும் நனைஞ்ச ஓலைன்னா சொல்லவே வேண்டாம். பெரியப்பா நோட்டுல காத்துன்னு எழுதின வரியும் யூஎன்சி ஏறின வரியும் பாதிக்கு மேல ஒத்துப்போச்சு.

மரத்தை வெட்டிரலாம்னு அண்ணாச்சி சொன்னாரு. பெரியம்மா பாத்த பார்வைல அவரு அன்னைக்கு அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல. டிஷ்ஷை எடுத்து தட்டோடியோட வடமேக்கு மூலைக்குக் கொண்டு போனோம், மரத்துக்கும் அதுக்கும் 7 மீட்டர் ஆச்சு, இப்ப கொண்டை 47 டிகிரில, சிக்னல் அதுக்கு மேல தாராளமாப் போகுது. பழைய இடத்துல கைப்பிடிச்சுவர் கிளாம்ப் ரெண்டே போல்ட்டுல ஆடிக்கிட்டு இருந்துச்சு, இங்க தரைல நாலு போல்ட் அடிச்சோம். 65 சென்டிமீட்டர் டிஷ்ஷோட பார்வை அகலம் 3 டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி, கம்பம் 1 டிகிரி ஆடினாலே ஒண்ணரை டெசிபல் கிட்டப் போயிரும், அதுவும் நம்ம ஊரு ஆடிக்காத்துக்கு.

கேபிள் அடுத்தது. பழைய வழி சுவரைச் சுத்தி சுத்தி 42 மீட்டர், நடுவுல ரெண்டு ஜாயின்ட். ஜாயின்டைப் பிரிச்சா பச்சைக் களிம்பு. இங்க ஒரு விஷயம் கவனிக்கணும், மழைல சிக்னல் போறதுல ரெண்டு வகை இருக்கு. மழை பெய்யும்போது போயி மழை விட்டதும் வந்துட்டா அது ஆகாசத்துல நடக்கிறது, ஒண்ணும் பண்ண முடியாது. மழை விட்டும் ரெண்டு நாள் வரைக்கும் கெட்டே இருந்து வெயில் அடிச்சதும் சரியாச்சுன்னா தண்ணி கேபிளுக்குள்ள போயிருக்கு. குத்தாலச் சாரல் சீசன்ல நமக்கு வர்றது பெரும்பாலும் ரெண்டாவது வகை, ஏன்னா சாரல் பூந்தூறல், மேகமும் மேக்க மலைமேலதான், நம்ம டிஷ் பாக்குறது கிழக்க, அந்த வழி ஆகாசம் ஓரளவு வெளுத்துத்தான் இருக்கும். ஆனா பூந்தூறல் மாதிரி கேபிளுக்குள்ள நுழையறதுல கெட்டிக்காரன் வேற எவனும் இல்ல. ஐப்பசில கிழக்க இருந்து கருத்து வந்து கொட்டும் பாருங்க, அது முதல் வகை. அதுக்கும் நாம குடுத்து வச்சவங்கதான், டிஷ் நட்டமா பாக்குறதால மழைக்குள்ள சிக்னல் வர்ற தூரம் வடக்கத்தி ஊரைவிடக் கம்மி.

மல்டிமீட்டர் வச்சு வோல்டேஜும் பாத்தேன். செங்குத்து போலரைசேஷனுக்கு டியூனர் 13 வோல்ட் மேல அனுப்பணும், 18 அனுப்பினா படுக்கை. டப்பா பக்கம் 13.1 இருந்துச்சு, எல்என்பி பக்கம் லோடோட 11.6தான். காந்தத்தை வச்சுப் பாத்தா கேபிளோட நடுக்கம்பி பொக்குனு ஒட்டுது, இரும்புக்கு மேல செம்பு முலாம். உயர் அலைவரிசைக்கு அது போதும், அலை மேல்தோல்லதான் ஓடும், ஆனா நேர்மின்சாரம் கம்பி முழுக்க ஓடணும், இரும்பு அதைத் தின்னுரும். புது ஆர்ஜி 6 கேபிள், நடுக்கம்பி முழுச் செம்பு, நேர் வழில 22 மீட்டர், ஜாயின்ட் இல்ல. எல்என்பி பக்கம் 12.7 வந்துச்சு, எஸ்என்ஆர் 10.9. சாய்வை 60க்குத் திருப்பினதுல எல்என்பியோட கனெக்டர் கீழ பாக்காம பக்கவாட்டுல பாக்குது, அந்த வழியா தண்ணி இறங்கும்னு ரப்பர் மூடி போட்டு, கேபிளை ஒரு வளையம் கீழ தொங்கவிட்டுட்டுத்தான் கட்டினேன், சொட்டு வளையத்துல இறங்கி கீழ விழுந்துரும்.

வெளி வேலை முடிஞ்சு நாலு நாள் நோட்டு: யூஎன்சி பூஜ்யம். சுத்தமா பூஜ்யம். கன்டினியூட்டி மட்டும் அப்பப்ப, ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை. இப்பதான் கம்ப்யூட்டர் மேல தைரியமா கை வைக்க முடிஞ்சுச்சு.

நோட்டோட கடைசிக் கட்டத்துல கம்ப்யூட்டர்ல என்ன ஓடுதுன்னு எழுதியிருந்ததைப் பாத்தா எல்லாமே ஒரே மாதிரி, ரெக்கார்டிங். பெரியப்பா காலைல கச்சேரியைப் பதிவு போட்டுட்டு வேற சேனல் பாப்பாரு. டியூனரும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே யூஎஸ்பி ஹப்புல, மேஜைக்கு முன்னாடி வசதியா இருக்குன்னு. ஒரு டிரான்ஸ்பாண்டர் முழுசா கம்ப்யூட்டருக்குள்ள வரும்போது கிட்டத்தட்ட 40 மெகாபிட், ஒரு செகண்டுக்கு 5 மெகாபைட், யூஎஸ்பிக்கு அது பெரிய விஷயமே இல்லதான், ஆனா டியூனருக்குள்ள சேத்து வைக்கிற இடம் ரொம்பச் சின்னது. கம்ப்யூட்டர் கண்ணு மூடித் திறக்குற நேரம் வாங்காம விட்டா அது வழிஞ்சுரும், திருப்பி அனுப்புன்னு கேக்க சாட்டிலைட்கிட்ட வழி இல்ல. டிஸ்க் தூங்கி எந்திரிச்சு ஒரேயடியா எழுதும்போது அந்த ஹப்புல டியூனருக்கு முறை வர்றது தள்ளிப் போயிருக்கு. டியூனரை மதர்போர்டோட பின்பக்க போர்ட்டுல நேரா குத்தினேன், ரெக்கார்டிங்கை உள்ள இருக்கிற டிஸ்க்குக்கு மாத்தினேன், யூஎஸ்பியை மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்க வைக்கிற செட்டிங்கை ஆஃப் பண்ணேன். மூணையும் ஒரே நாள்ல பண்ணல, நாளுக்கு ஒண்ணுதான், இல்லன்னா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாது. ஹப்பை எடுத்த அன்னைக்கே முக்காவாசி போச்சு, மிச்சம் ரெண்டு மூணு தூக்க செட்டிங் ஆஃப் பண்ணதுல போச்சு, டிஸ்க்கை மாத்துனதுல ஒரு வித்தியாசமும் தெரியல, ஆனா திருப்பி மாத்தல.

இன்னொரு கம்பிளெய்ன்ட், அது ரிசப்ஷனே இல்ல. கபடி, ஓட்டப்பந்தயம் எதுவா இருந்தாலும் ஆள் ஓடுனா ஓரத்துல சீப்புப் பல்லு மாதிரி கோடு தெரியுதுன்னு பெரியம்மா. நம்ம சாதா சேனல் 576 வரி, ஒத்தைப்படை வரி ஒரு தடவை ரெட்டைப்படை வரி ஒரு தடவைன்னு செகண்டுக்கு 50 பாதிப்படமா வருது, பழைய டிவிக்கு அது சரி, மானிட்டர் ரெண்டையும் ஒண்ணாப் போடும்போது சீப்பு தெரியும். விஎல்சில டீஇன்டர்லேஸ் (பாதிப்படத்தை முழுப்படமாச் சேக்குறது) ஆன் பண்ணி யாடிஃப்ங்கிற முறையை வச்சதும் போச்சு. இதைச் சிக்னல் கோளாறுன்னு நினைச்சு டிஷ்ஷைத் திருகின ஆளு எத்தனை பேரோ.

ஆவணி முழுக்க ஒரு போன் இல்ல. எனக்கே சந்தேகமா இருந்துச்சு, ஒருவேளை டிவி பாக்குறதை விட்டுட்டாங்களோன்னு.

புரட்டாசில, செப்டம்பர் 25ன்னு நினைக்கிறேன், போன். ஏலே, காலைல பதினோரு மணிக்கு முந்தி ஒரு ஆறு நிமிஷம் சுத்தமா போயிருச்சு, நேத்தும் அதே நேரம் ரெண்டு நிமிஷம் போச்சு, யூஎன்சி ஆயிரக்கணக்குல ஏறியிருக்குன்னாரு. மழையான்னு கேட்டேன், மழையா, வெயில் மண்டையப் பிளக்குதுன்னாரு. எனக்கு ஒரு நிமிஷம் வயித்தைக் கலக்கிருச்சு, அப்புறம் தேதி மண்டைல உறைச்சுது. நாளைக்கு அதே நேரம் தட்டோடிக்குப் போயி டிஷ்ஷைப் பாருங்க பெரியப்பா, திருகாதீங்க, பாக்க மட்டும் செய்யுங்கன்னு சொல்லிட்டு நானே மறுநாள் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டேன்.

வருஷத்துல ரெண்டு தடவை, நம்ம ஊருக்கு மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசிலயும், சூரியன் சரியா அந்த சாட்டிலைட்டுக்குப் பின்னாடி வந்து நிக்கும். டிஷ் சாட்டிலைட்டைப் பாக்குதுன்னா அன்னைக்கு சூரியனையும் பாக்குது, சூரியனோட இரைச்சல்ல சிக்னல் முங்கிரும். நாலஞ்சு நாளைக்குச் சில நிமிஷம், அப்புறம் தானா விலகிரும். மார்ச்னா இங்க 11 மணி தாண்டி, செப்டம்பர்னா 11க்குக் கொஞ்சம் முந்தி. எந்த ஃபிட்டராலயும் இதைச் சரி பண்ண முடியாது.

ஆனா நான் போனது அதுக்கு மட்டும் இல்ல. அந்த ஆறு நிமிஷம் சூரியன் நிக்கிற இடம்தான் சாட்டிலைட் நிக்கிற இடம், அதனால டிஷ் மேல எந்த நிழல் விழுதோ அதுதான் சிக்னலை மறைக்குது, நிழல் இல்லன்னா வழி சுத்தம். மரத்தை அளக்க கணக்கே தேவையில்ல. ரெண்டு பேரும் தட்டோடில நின்னோம். 10:53க்குக் கீழ படம் போச்சுன்னு பெரியம்மா குரல் வந்துச்சு. டிஷ் முழுக்க வெயில், எல்என்பி நிழல் மட்டும் தட்டுல. பழைய இடத்துல, கைப்பிடிச்சுவர்கிட்ட கிளாம்ப் இருந்த ரெண்டு ஓட்டை மேல, தென்னை ஓலை நிழல் கொத்தா ஆடிக்கிட்டு இருந்துச்சு. பெரியப்பா கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு இருந்தாரு. கீழ இறங்கி வந்து நோட்டை எடுத்து, 10:53 முதல் 11:00 வரை, யூஎன்சி 8412, காத்து மழை கட்டத்துல சூரியன்னு எழுதுனாரு.